அரிவாளுக்கு உறை உண்டு

தமிழ் சினிமாவில் அரிவாளுக்கு உறை கிடையாது. சட்டைக் காலருக்குப் பின்னாலிருந்து வரும். வைக்கோல் போருக்குள்ளிருந்து வரும். வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து வரும். வரும்போது ‘சர்ரக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இரும்பு இரும்பில் உரசினால் வருகிற சத்தம் அது. பருத்திச் சட்டையில் உரசி எப்படி வரும் என்று யாரும் கேட்பதில்லை. கேமரா கீழே இருந்து பார்க்கும், விளிம்பில் வெளிச்சம் ஓடும், அடுத்த காட்சியில் ரத்தம். அந்த அரிவாளை யார் அடித்தார்கள், எந்த இரும்பில் அடித்தார்கள், நேற்று வரைக்கும் அது எதை வெட்டிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் கதைக்கு வெளியே.

நான் தல்லாகுளத்துக்காரன், மென்பொருள் வேலை. புதிய டீமில் யாராவது ‘எந்த ஊர்?’ என்று கேட்டு, நான் மதுரை என்று சொன்னால், அடுத்த வரி பெரும்பாலும் அரிவாள் ஜோக்தான். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் ‘தேவர் மகன்’ (1992), ‘பருத்திவீரன்’ (2007), ‘சுப்பிரமணியபுரம்’ (2008) பார்த்து வளர்ந்தவர்கள். நானும்தான். இந்தப் படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட படங்களும் செய்தித்தாள்களும் சேர்ந்து நமக்கு ஒரு சொல்லைப் பழக்கிக் கொடுத்திருக்கின்றன: ‘அரிவாள் கலாச்சாரம்’. தென்மாவட்டத்தில் ஒரு கொலை நடந்தால் உடனே இந்தச் சொல் வந்துவிடும். இந்தச் சொல்லின் மேல்தான் எனக்கு விமர்சனம். அது இரண்டு பேரை ஒரே நேரத்தில் மறைக்கிறது. ஒருவர், அரிவாளைச் செய்கிறவர். இன்னொருவர், அதை ஓங்க வைக்கிறவர்.

செய்கிறவரிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. ஊர்ப் பெயரைச் சொன்னாலே அரிவாள் ஞாபகம் வருமளவுக்குப் பேர் பெற்ற ஊர். அங்கே ஒரு பட்டறையில் போய் நின்று ‘அண்ணே, ஒரு அருவா வேணும்’ என்றேன். அவர் விலை சொல்லவில்லை. ‘எதுக்கு தம்பி?’ என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரே வரிசையாகச் சொன்னார்: தேங்காய் வெட்டவா, கருவேலம் கழிக்கவா, கறிக்கடைக்கா, சாமிக்கு நேர்த்திக்கடனா?

இது வியாபாரத்துக்குக் கேட்கிற கேள்வி இல்லை. பதிலைப் பொறுத்துப் பொருளே மாறும். கதிர் அறுக்கிற பன்னரிவாளுக்கு ரம்பம் மாதிரிப் பல் வேண்டும், கனம் கூடாது. பாளை சீவுகிற அரிவாள் சவரக்கத்தி போல மெல்லிசாக இருக்கணும். விறகு வெட்டுகிற வெட்டரிவாளுக்கு முதுகு தடிமன், எடை முன்பக்கம், நுனியில் ஒரு வளைவு. அந்த வளைவு கொப்பை இழுத்துப் பிடிக்கும், வெட்டும்போது நுனி கல்லில் படாமலும் காக்கும். சாமிக்குச் செய்கிற அரிவாள் ஆள் உயரத்துக்கு மேலும் போகும், அதற்கு வெட்ட வேண்டிய வேலையே இல்லை. எங்கள் வேலையில் ‘ரெக்வயர்மென்ட்’ கேட்க ஒரு வாரம் மீட்டிங் போடுவோம். அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

இரும்பு, லாரியின் வில்பட்டை. ஓடித் தேய்ந்து பழைய இரும்புக் கடைக்கு வந்தது. நூற்றுக்கு 0.5 முதல் 0.6 பங்கு வரை கார்பன் உள்ள எஃகு அது. அதற்குக் கீழே போனால் விளிம்பு நிற்காது, மேலே ரொம்பப் போனால் நொறுங்கும். உலையில் சிவக்க வைத்து, அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் நீட்டி, குறட்டால் திருப்பித் திருப்பி அடித்து உருவம் கொண்டுவருகிறார்கள். அதன்பிறகு வருவது தோய்ச்சல். முழு வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

எஃகைச் சுமார் 770 டிகிரிக்குச் சூடாக்கினால் காந்தம் அதில் ஒட்டாது. அதற்குக் கொஞ்சம் மேலே போய், விளிம்பை மட்டும் தண்ணீரில் முக்கினால் விளிம்பு கண்ணாடி போல இறுகும். அப்படியே விட்டால் முதல் வெட்டிலேயே சில்லு பெயரும். முதுகில் மிச்சம் இருக்கிற சூடு மெல்ல விளிம்புக்கு இறங்கும். அப்போது தேய்த்து வெளுத்த இடத்தில் நிறம் ஓடும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். எந்த நிறத்தில் நிறுத்தி மறுபடி தண்ணீருக்குள் விடுவது என்பதுதான் கணக்கு. ஒரு நிறம் தள்ளிப்போனால் விளிம்பு மழுங்கி. ஒரு நிறம் முந்தினால் நொறுங்கி. இதைக் கண்ணால் பார்த்து, கையால் முடிவெடுக்கிறார்கள். விளிம்பு கடினம், முதுகு இளக்கம். ஒரே துண்டு இரும்பில் இரண்டு குணம்.

இந்த இடத்தில் கொஞ்சம் அமெரிக்கா போய் வரலாம். காரணம் இருக்கிறது. இதே எஃகு வகையில், இதே தோய்ச்சல் முறையில் செய்கிற இன்னொரு கத்தி அங்கே உண்டு: போவி கத்தி. அதற்கும் ஒரு காலத்தில் நம் அரிவாளுக்கு இருக்கிற அதே கெட்ட பெயர் இருந்தது.

1827 செப்டம்பரில், மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் ஒரு டூயல் நடந்தது. டூயல் முடிந்த பிறகு, கூட வந்தவர்களுக்குள் கைகலப்பு. அதில் ஜேம்ஸ் போவி குண்டடி பட்ட நிலையிலும் ஒரு பெரிய கத்தியால் எதிராளியைக் குத்திக் கொன்றார். பத்திரிகைகள் அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டன. போவி 1836இல் அலமோ கோட்டையில் செத்ததும் அது புராணமாகவே ஆகிவிட்டது. தேவை கூடக் கூட, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பட்டறைகள் ‘அமெரிக்கக் கத்தி’ என்று செய்து கப்பல் கப்பலாக அனுப்பின. 1837இல் அலபாமா மாகாணம் ஒவ்வொரு போவி கத்தி விற்பனைக்கும் 100 டாலர் வரி போட்டது. அதே வருடம் டிசம்பரில் ஆர்கன்சா சட்டமன்றத்தில் சபாநாயகர் ஜான் வில்சன், விவாதத்தில் தன்னைச் சீண்டிய உறுப்பினர் ஒருவரை அவைக்குள்ளேயே போவி கத்தியால் குத்திக் கொன்றார். வழக்கு நடந்தது, விடுதலையானார்.

கவனியுங்கள். கத்திக்கு வரி. கொன்ற சபாநாயகருக்கு விடுதலை. பேச்சில் சீண்டினால் ரத்தத்தில் பதில் சொல்லணும் என்கிற தென்மாகாணக் கனவான்களின் ‘மானம்’ பற்றி அந்த வரிச் சட்டத்துக்கு ஒன்றும் சொல்ல இல்லை. கருவியைத் திட்டுவது எப்போதும் சுலபம். கருவிக்கு சாதியும் இல்லை, சொந்தக்காரர்களும் இல்லை.

அந்தக் கத்தி அதன்பிறகு எப்படி மீண்டது என்பதுதான் நமக்கு முக்கியம். அமெரிக்காவில் கத்தி அடிக்கிற கைத்தொழில் ஏறக்குறைய செத்துக்கொண்டிருந்தபோது, 1976இல் பில் மொரான் என்கிற கொல்லரும் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1988இல், ஆர்கன்சாவின் வாஷிங்டன் என்கிற சின்ன ஊரில் பள்ளி வந்தது. போவிக்குக் கத்தி அடித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஜேம்ஸ் பிளாக் என்கிற கொல்லர் வாழ்ந்த ஊர் அது. அந்தச் சங்கத்தின் முதல் கட்டத் தேர்வு எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. தான் அடித்த கத்தியால் தொங்குகிற கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கணும். கட்டுமானக் கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கணும். அதன்பிறகும் தீட்டாமல் அதே விளிம்பால் கையில் இருக்கிற முடியைச் சிரைக்கணும். கடைசியில் கத்தியை இடுக்கியில் மாட்டி 90 டிகிரி வளைக்கணும், ஒடியக் கூடாது. நாலு தேர்வும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: விளிம்பு கடினமா, முதுகு இளக்கமா? திருப்பாச்சேத்தியில் நிறம் பார்த்து முடிவு செய்கிற அதே விஷயம். அங்கே அதற்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். இங்கே பிடி போட்டுக் கையில் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்படி எழுதும்போது ஒரு ஆபத்தும் இருக்கிறது. ‘நம்ம கைத்தொழிலையும் இப்படிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமே’ என்று தோன்றிவிடும். அதற்கு ஔவையார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டார். புறநானூற்றின் 95ஆம் பாட்டில், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை அவனுடைய ஆயுதசாலையைப் பார்க்கிறார். மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று காவலுக்குள் இருக்கிற ஆயுதங்கள். பாராட்டுவது போலவே பாராட்டிவிட்டு, எங்கள் தலைவனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். நமக்கு இதைப் பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்லிக் கொடுத்தார்கள். போர்ப் பெருமை என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டும் சரி. ஆனால் ஒரு கருவியின் தகுதியை அளக்க ஔவை போய் நிற்கிற இடம் எது? போர்க்களம் இல்லை, அரண்மனை இல்லை. கொல்லன் கொட்டில். ரிப்பேருக்கு வந்த பொருள்தான் வேலை செய்த பொருள். நம் சினிமா தொண்டைமான் பக்கம் நிற்கிறது. எண்ணெய் போட்ட பளபளப்பு, மாலை, பின்னணி இசை.

இனி உறை.

போவி கத்தி செய்கிறவர்கள் கத்தியோடு நிறுத்துவதில்லை, அதற்குப் பொருந்துகிற தோல் உறையையும் தாங்களே செய்கிறார்கள். தோலை மடித்து, விளிம்பு தையலை அறுத்துவிடாமல் நடுவில் ஒரு பட்டித்தோல் வைத்து, குத்தூசியால் துளை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து எதிரெதிராகத் தைப்பார்கள். பிறகு ஈரமாக்கிக் கத்தியின் உருவத்துக்கு அழுத்தி வைப்பார்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோலில் மிஞ்சுகிற உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், மரப்பட்டையில் பதனிட்ட தோலைத்தான் தேடுவார்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டு உலகத்துக்கு அனுப்பிய நாடு நம்முடையது. திண்டுக்கல் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். நல்ல எஃகு வைகைக் கரையில், நல்ல தோல் திண்டுக்கல்லில். இருந்தும் நம் வெட்டரிவாளுக்குத் தோல் உறை என்கிற வழக்கம் ஏன் பெரிதாக வளரவில்லை?

கோணியைச் சுற்றினால் போதும், தோல் விலை கட்டுப்படியாகாது என்பது ஒரு பதில். அது உண்மையும்கூட. ஆனால் இன்னொரு பதிலும் இருக்கிறது. ஆர்கன்சாவில் ஒரே கை இரும்பையும் தொடுகிறது, தோலையும் தொடுகிறது. இங்கே இரும்பைத் தொடுகிற கை ஒரு தெருவில், தோலைத் தொடுகிற கை ஊருக்கு வெளியே. இதில் பெரிய வேடிக்கை, அந்தக் காலத்தில் கொல்லன் உலையை ஊதிய துருத்தியே தோல்தான். தோல் ஊதிய காற்றில்தான் இரும்பு சிவந்தது. இரண்டு கையும் ஒருவரை நம்பி ஒருவர் வேலை செய்திருக்கிறார்கள், ஒரே திண்ணையில் உட்காராமல்.

உறையே இல்லாத ஊர் என்றும் சொல்ல முடியாது. பனையேறிகளைப் பாருங்கள். இடுப்பில் கட்டியிருக்கும் அருவாப்பெட்டி. பாளை சீவுகிற அரிவாளை அதில் வைத்துக்கொண்டுதான் மரம் ஏறுவார்கள். எத்தனையோ அடி உயரத்தில், இரண்டு கையும் மரத்தைப் பிடித்திருக்கும்போது, சவரக்கத்தி போலத் தீட்டிய இரும்பு தொடையில் படாமல் இருக்கணும், கேட்டவுடன் கைக்கு வரணும். அதற்கான வடிவமைப்பு அது. நாளெல்லாம் அரிவாளோடு வாழ்கிறவர்களுக்கு உறை தேவை. ஒரே ஒரு முறை ஓங்குகிறவனுக்குத்தான் அது தேவையில்லை. சினிமா அரிவாளுக்கு உறை இல்லாததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இலக்கியம் என்ன செய்தது? இந்த இடத்தில் எனக்குப் பூமணிதான் வந்து நிற்கிறார். ‘வெக்கை’ (1982) நாவலை எல்லாருக்கும் தெரியும், ‘அசுரன்’ (2019) வந்த பிறகு இன்னும் அதிகமாகத் தெரியும். சிதம்பரம் என்கிற பையன், அண்ணனைக் கொன்றவனை வெட்டுவதில் கதை தொடங்குகிறது. தொடக்கத்திலேயே வெட்டு முடிந்துவிடுகிறது என்பதுதான் அந்த நாவலின் துணிச்சல். மிச்சம் முழுக்க அப்பாவும் மகனும் காடு கரையில் பதுங்கித் திரிவது: என்ன தின்பது, எங்கே தண்ணீர், எங்கே படுப்பது, வீட்டில் என்ன ஆனதோ. வெட்டை எழுத ஒரு கணம், அதன் விலையை எழுத ஒரு நாவல். படமோ இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. இடைவேளைக்கு முன்னால் சிவசாமி ஒற்றை ஆளாக நின்று வெட்டிச் சாய்க்கும்போது தியேட்டரில் விசில் பறந்தது. நானும் கைதட்டியவன்தான். அந்தக் கைதட்டலில் நியாயமும் இருந்தது, காலகாலமாக அடி வாங்கியவர்கள் திருப்பி அடிப்பதைத் திரையில் பார்க்கிற நியாயம். ஆனால் நாவலில் விசில் அடிக்க இடமே கிடையாது.

‘வெக்கை’க்கு மூன்று வருடம் முன்னால் பூமணி ‘பிறகு’ (1979) எழுதினார். அதன் நாயகன் அழகிரி, தோல் வேலை செய்கிறவன். ஊருக்குச் செருப்புத் தைக்கிறவன், கமலைக்குத் தோல் தைத்துக் கொடுக்கிறவன். அவன் தைத்த தோலில் ஏறித்தான் கிணற்றுத் தண்ணீர் வயலுக்குப் போகிறது, அந்த வயலில் அவனுக்குப் பங்கு இல்லை. இரண்டு நாவலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். பூமணி முதலில் தோலை எழுதினார், பிறகு அரிவாளை எழுதினார். வேலையை எழுதியவருக்குத்தான் வெட்டை அளவாக எழுத வந்தது. சினிமா இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. ‘அசுரன்’ படத்தில் நாவலில் இல்லாத ஒரு பின்கதை உண்டு, அதில் தோல் செருப்பாக வருகிறது. செருப்புப் போட்டதற்காக ஒரு பெண் அவமானப்படுத்தப்படுகிறாள். வலுவான காட்சி. ஆனால் அங்கேயும் தோல் காயமாக வருகிறது, தொழிலாக வரவில்லை.

இப்போது ‘அரிவாள் கலாச்சாரம்’ மறைக்கிற இரண்டாவது ஆளிடம் வருகிறேன். அரிவாளின் தோய்ச்சலைப் பற்றி இவ்வளவு ரசித்து எழுதுகிறவன் மேலவளவைத் தாண்டிப் போக முடியாது. 1997 ஜூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலூருக்குப் பக்கத்தில், பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் ஓடும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒதுக்கப்பட்ட தொகுதியில் ஒரு தலித் தேர்தலில் நின்று ஜெயித்தார் என்பதுதான் காரணம். அங்கே அரிவாள் இருந்தது. ஆனால் அதை ‘அரிவாள் கலாச்சாரம்’ என்று சொன்னால், நடந்ததன் பெயரைச் சொல்லாமல் தப்பித்துவிடுகிறோம். அதன் பெயர் சாதி. அலபாமாக்காரர்கள் கத்திக்கு வரி போட்ட மாதிரி, நாம் அரிவாள் மேல் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பழி யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் இன்னும் விளங்கும். மதுரையின் மிகப் பழைய இலக்கியக் கொலை கோவலனுடையது. பொய் சொன்னது ஒரு பொற்கொல்லன், விசாரிக்காமல் ஆணையிட்டது அரசன், வெட்டியது காவலன். பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்யப் பலி கொடுத்தது ஆயிரம் பொற்கொல்லர்களை. பொய் சொன்னவன் ஒருவன், செத்தவர்கள் ஆயிரம் பேர். காவலர்களில் ஒருவரைக்கூடப் பலி கேட்கவில்லை. தங்கத்துக்குப் பதில் இரும்பு என்று மாற்றிக்கொண்டு 2021க்கு வாருங்கள். அந்த வருடம் செப்டம்பரில் தென்மாவட்டங்களில் பழிக்குப் பழிக் கொலைகள் அடுத்தடுத்து நடந்ததும், தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்கு உத்தரவு போட்டது: வாங்குகிறவர் பெயர், முகவரி எழுதி வைக்கணும், கண்காணிப்புக் கேமரா மாட்டணும். ஒரு போலீஸ்காரர் இடத்தில் இருந்து பார்த்தால் இதில் நியாயம் உண்டு. கொலையைத் தடுப்பது அவர்கள் வேலை. ஆயுதச் சட்டத்தின் விதிகளும் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று அளவு சொல்லிவிட்டு, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆன கருவிகளுக்கு விலக்கும் தருகின்றன. சட்டத்துக்கே தெரிகிறது, இரும்பின் நீளத்தில் குற்றம் இல்லை என்று. ஆனால் கேமரா மாட்டப்படுவது கொல்லன் உலையில். சாதிச் சங்கக் கூட்டம் நடக்கிற மண்டபத்தில் இல்லை.

நல்ல அரிவாளைப் பாராட்டுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. வீரப் பெருமை பேச நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவிலேயே, சித்திரை மாதம் எதிர்சேவைக்கு அழகர் கள்ளர் கோலத்தில் வளரித்தடியோடு வரும்போது, அந்தப் பெருமையைத் தங்கள் சாதிப் பெயரோடு ஃபிளெக்ஸ் அடித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வளரியை எந்த மரத்தில் செய்வது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது.

நான் கேட்பது சின்ன விஷயம். பட்டறைக்காரர் கேட்ட ‘எதுக்கு?’ என்கிற கேள்வியை நம் எழுத்தும் சினிமாவும் கேட்கணும். போலீஸ் ‘யாரு?’ என்று கேட்கிறது. சினிமா ‘எப்போ?’ என்று கேட்கிறது, இடைவேளைக்கு முன்னாலா, பின்னாலா. ‘எதுக்கு?’ என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று: தேங்காய், விறகு, பாளை, கதிர், கறி. அதில் ஒரு ஊரின் மொத்த உழைப்பும் இருக்கிறது, எழுதப்படாத எத்தனையோ கதைகள் இருக்கின்றன. இன்னொன்று: நிலம், தேர்தல், காதல், கோயில் மரியாதை, அதாவது சாதி. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டி வரும்போது, ‘அரிவாள் கலாச்சாரம்’ என்கிற சொல்லுக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது.